நிரல் தானாக மூடிக்கொண்டால்: மீண்டும் நிறுவுவதற்கு முன் சேகரிக்க வேண்டிய தடயங்கள்

தோட்டத் தொழிலாளரின் வருகை, சம்பளப் பதிவேடான செக்ரோலை முடிக்கும் நாட்களில்தான் தோட்ட அலுவலகங்களிலிருந்து எனக்கு அழைப்புகள் அதிகமாக வரும். "அண்ணன், சம்பள நிரல் திடீரென மூடிக்கொண்டது. அழித்துவிட்டுத் திரும்பவும் ஏற்றினேன். இன்னும் அப்படித்தான் செய்கிறது" என்பார் மறுமுனையில் இருக்கும் தம்பி. ஏற்றியதில் தவறில்லை, அழித்ததில்தான் இழப்பு. நிரல் ஏன் விழுந்தது என்று சொல்லக்கூடிய பதிவுகள் பலவும் அந்த அழிப்போடு போயிருக்கும். நிரலை எழுதியவர்கள் கொழும்பில் இருந்துகொண்டு "எங்கள் கணினியில் அப்படி எதுவும் நடக்கவில்லையே" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களிடம் நம் கணினி இல்லை, நம் தரவு இல்லை, நம் மின்சாரமும் இல்லை.

இலங்கை மலைநாட்டில் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் கணினி பழுது பார்ப்பவன் நான். நிரலைத் திருத்த எனக்குத் தெரியாது. திருத்தத் தெரிந்தவரிடம் சரியான தடயத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் பங்கு. செக்ரோலில் ஒரு வரி காணாமற்போனால், மலையில் நாள் முழுவதும் கொழுந்து பறித்த ஓர் அம்மாவின் பேர், அதாவது ஒரு நாள் வேலைக் கணக்கு, அரைப்பேராகிவிடலாம். அதனால் இந்த வேலையைச் சிறியதாக நான் ஒருநாளும் எண்ணியதில்லை.

அறிகுறி எதுவானாலும் முதல் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியது ஒன்றே. திரையில் இருக்கும் செய்தியை மூடாமல் கைபேசியால் படமெடுங்கள். கைபேசியில் காட்டும் நேரத்தை நிமிடம் தவறாமல் ஒரு தாளில் எழுதுங்கள். கடைசியாக எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள், எந்தப் பதிவு திறந்திருந்தது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். மறுநாள் காலையில் இவை நினைவில் இருக்கமாட்டா. கணினியை உடனே மறுதொடக்கம் செய்ய வேண்டாம். குப்பைக் கோப்புகளைத் துடைக்கும் நிரல் எதையும் ஓட்ட வேண்டாம். விண்டோஸின் 'டிஸ்க் கிளீனப்' பட்டியலிலேயே பிழை அறிக்கைக் கோப்புகளையும் நினைவகப் பதிவுகளையும் அழிக்கும் கட்டங்கள் உண்டு. அவற்றில் குறியிட்டுவிட்டால் நமக்கு வேண்டியது முதலில் போய்விடும்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே நிரல் மறைந்துவிடுகிறது

செய்தி எதுவும் இல்லை. சாளரம் இருந்தது, இப்போது இல்லை. அதிகம் வரும் முறைப்பாடு இதுதான். எதுவுமே பதிவாகவில்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். விண்டோஸ் பெரும்பாலும் எழுதி வைத்திருக்கும்.

ஸ்டார்ட் பட்டியலில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று ஒன்று வரும். அதைத் திறந்தால் நாட்காட்டி போல ஒரு வரைபடம் தெரியும். நிரல் விழுந்த நாளில் சிவப்பு வட்டத்துக்குள் பெருக்கல் குறி இருக்கும். அந்த நாளைத் தொட்டு, கீழே நிரலின் பெயரை இருமுறை சொடுக்கினால் விவரம் திறக்கும். அதை அப்படியே கொப்பி செய்து ஓர் உரைக் கோப்பில் ஒட்டிக்கொள்ளுங்கள். கணினி பழக்கமில்லாதவருக்குத் தொலைபேசியில் வழி சொல்ல இதைவிட எளிதான இடம் இல்லை.

இன்னும் ஆழமாகப் பார்க்க 'ஈவென்ட் வியூவர்' இருக்கிறது. அதில் 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'அப்ளிகேஷன்'. நீங்கள் தாளில் எழுதிய நேரத்துக்குப் பக்கத்தில் 1000 என்ற இலக்கமுள்ள சிவப்பு நிகழ்வைத் தேடுங்கள். நிரலின் பெயர், அதன் பதிப்பு, பிழை விழுந்த கூறின் பெயர், பிழைக் குறியீடு, விழுந்த இடத்தின் முகவரி எல்லாம் அதற்குள் இருக்கும். சிறிய நிறுவனங்கள் எழுதும் சம்பள நிரல்கள் பல மைக்ரோசாஃப்டின் டாட் நெட் தளத்தில் எழுதப்பட்டவை. அப்படியானால் 1000 க்குச் சற்று முன்னே 1026 என்ற நிகழ்வு இருக்கும். அதைத் தவறவிடாதீர்கள். நிரலின் எந்தச் செயற்கூறு (ஃபங்ஷன்) எதை அழைத்தது, அது எதை அழைத்தது என்று விழுந்த கணத்தின் சங்கிலி முழுவதும் அதில் எழுதப்பட்டிருக்கும். சில வேளைகளில் அந்த ஒரு நிகழ்வு மட்டுமே நிரலாளருக்குப் போதும்.

குறியீட்டைத் தொலைபேசியில் வாசிக்கும்போது நிதானம் வேண்டும். அடிக்கடி வருவது, சி என்ற எழுத்து, அடுத்து ஆறு பூச்சியம், கடைசியில் 5. தனக்குச் சொந்தமில்லாத நினைவகப் பகுதியை நிரல் தொட்டுவிட்டது என்று அதற்குப் பொருள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அடுத்தவர் காம்பராக் (அறை) கதவைத் தள்ளியவனைத் தடுப்பது போல இயங்குதளம் அதைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. சி, நான்கு பூச்சியம், 374 என்று வந்தால் நினைவகக் குவியல் முன்பே எங்கோ சிதைந்து, இப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. சி, ஐந்து பூச்சியம், எஃப், டி என்று வந்தால் செயற்கூறு அழைப்புகளை வைக்கும் நினைவக அடுக்கு நிரம்பி வழிந்திருக்கிறது. பெரும்பாலும் ஒரு செயற்கூறு தன்னைத்தானே முடிவில்லாமல் அழைத்துக்கொண்டதன் விளைவு அது. ஒரு பூச்சியத்தை விட்டுவிட்டாலும் பொருள் மாறிவிடும். அதனால் வாசிப்பதைவிடக் கொப்பி செய்து அனுப்புவதே நல்லது.

'பிழை விழுந்த கூறு' என்ற வரியில் விண்டோஸின் சொந்த நூலகக் கோப்பு ஒன்றின் பெயர் வந்தால், விண்டோஸ்தான் பழுது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை. விழுந்த இடம் அது, தள்ளிவிட்டவர் வேறொருவராக இருக்கலாம். யார் தள்ளினார் என்று அறிய டம்ப் கோப்பு வேண்டும்.

டம்ப் என்பது நிரல் விழுந்த கணத்தில் அதன் நினைவகத்தில் என்ன இருந்தது என்பதன் பிரதி. சாதாரண நிரல்களுக்கு விண்டோஸ் இதை வட்டில் எடுத்து வைக்கும்படி நாம்தான் சொல்ல வேண்டும். விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்பட்டிருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, லோக்கல் மெஷின் கிளையில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் எரர் ரிப்போர்ட்டிங் என்று இறங்குங்கள். அங்கே 'லோக்கல்டம்ப்ஸ்' என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் பெயரிட்டு ஒரு புதிய கிளை உருவாக்குங்கள். அதற்குள் 'டம்ப்டைப்' என்று ஒரு டீவேர்ட் (எண் வகை) மதிப்பு. அதில் 1 இட்டால் சிறிய டம்ப், 2 இட்டால் முழு டம்ப். வேறெதுவும் மாற்றாவிட்டால் கோப்புகள் பயனரின் ஆப்டேட்டாவில் லோக்கல் கோப்புறைக்குள் 'கிராஷ்டம்ப்ஸ்' என்ற இடத்தில் சேரும். பத்து வரை வைத்துக்கொண்டு பழையதை நீக்கும். நிர்வாகி உரிமை உள்ள கணக்கில்தான் இதைச் செய்ய முடியும். ரெஜிஸ்ட்ரியில் பழக்கமில்லாதவர் தனியாக இறங்க வேண்டாம். முதலில் அந்தக் கிளையின் பிரதி ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, தெரிந்த ஒருவர் தொலைபேசியில் இருக்கும்போது செய்யுங்கள். இதைச் செய்தபின் நிரல் அடுத்த முறை விழும்போது கோப்பு தானாகக் கிடைக்கும். அதற்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும். மாதத்துக்கு ஒருமுறை விழும் நிரலுக்கு ஒரு மாதமும் ஆகும்.

இங்கே பதிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டம்புக்குள் இருப்பவை பெரும்பாலும் வெறும் முகவரிகள்தான். எந்த முகவரி எந்தச் செயற்கூறு என்று சொல்லும் குறியீட்டுக் கோப்பு நிரலாளரிடம் இருக்கும், அதுவும் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியாக. பதிப்பு இலக்கத்தில் கடைசி எண் மாறியிருந்தாலும் முகவரிகள் இடம் பெயர்ந்துவிடும். "புதியதுதான் அண்ணன், போன மாதம்தான் போட்டோம்" என்பது பதிப்பு ஆகாது. உதவிப் பட்டியலில் 'அபவுட்' பகுதியில் இருக்கும் முழு இலக்கத்தையும் எழுதுங்கள். விண்டோஸின் பதிப்பும் வேண்டும். விண்டோஸ் 7 க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 இலும், விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 இலும் முடிந்துவிட்டன. இரண்டும் இந்தப் பக்கத்து அலுவலகங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதை மறைக்காமல் சொல்லிவிட்டால் நிரலாளரின் நேரம் மிஞ்சும்.

நிரல் சிக்கி நிற்கிறது, மூடவும் இல்லை

சாளரம் வெளிறிப்போய், தலைப்பில் 'நொட் ரெஸ்பொண்டிங்' என்று நிற்கும். பொறுமை இழந்து 'எண்ட் டாஸ்க்' அழுத்திவிடுவார்கள். அழுத்துவதற்கு முன் ஒரே ஒரு நிமிடம் கொடுங்கள். நிரல் இன்னும் உயிரோடு இருப்பதால் இதைவிட நல்ல தருணம் கிடைக்காது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் அந்த நிரலின் மேல் வலது சொடுக்கி, 'கிரியேட் டம்ப் ஃபைல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்பு எங்கே எழுதப்பட்டது என்று ஒரு பெட்டி காட்டும். அந்த இடத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பத்து வினாடி கழித்து இன்னொன்று, மேலும் பத்து வினாடி கழித்து மூன்றாவது. மூன்றிலும் நிரல் ஒரே இடத்தில் நின்றால் எதற்காகவோ காத்திருக்கிறது. வேறு வேறு இடத்தில் இருந்தால் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டுக்கும் திருத்தம் வேறு வேறு. சிபியூ எத்தனை விழுக்காடு, வட்டு எத்தனை விழுக்காடு என்ற எண்களையும் அப்போதே குறியுங்கள். சிபியூ பூச்சியமாக இருந்து, நிரல் வலையமைப்பில் உள்ள ஒரு கோப்புறையைத் திறந்து வைத்திருந்தால், நான் முதலில் சந்தேகிப்பது தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் இடையே ஓடும் கேபிளைத்தான்.

பழைய 32 பிட் நிரலானால் ஒரு நுணுக்கம். 64 பிட் விண்டோஸின் வழக்கமான டாஸ்க் மேனேஜர் எடுக்கும் டம்ப் வாசிக்கச் சிரமமாக இருக்கும். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் 'சிஸ்வாவ்64' இலிருந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து எடுங்கள்.

ஒரு குறிப்பிட்ட பதிவைத் திறந்தால் மட்டும் விழுகிறது

ஒரு தோட்ட அலுவலகத்தில் பார்த்தது இது. ஏறத்தாழ அறுநூறு பேரின் பதிவுகள். ஒரேயொருவருடைய பதிவைத் திறந்தால் மட்டும் நிரல் மறைந்துவிடும். மற்றவர்களுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. அவருடைய பெயர் 'ஸ்ரீ' என்று தொடங்கியது. ஆனால் அதே எழுத்தில் தொடங்கிய வேறு நால்வரின் பதிவுகள் ஒழுங்காகத் திறந்தன. திரையில் ஐந்து பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். கண்ணுக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை.

அந்தப் பெயரைக் கொப்பி செய்து ஓர் உரைக் கோப்பில் ஒட்டினேன். சரியாகத் திறக்கும் இன்னொரு பெயரை அடுத்த வரியில் ஒட்டினேன். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இலக்கம் கொடுக்கும் யூனிகோட் முறையில் சேமித்து, டம்புடன் சேர்த்து நிரலாளருக்கு அனுப்பினேன். பதில் மறுநாளே வந்தது. ஒரு பெயர் ஸ என்ற எழுத்தில் தொடங்கியது, யூனிகோடில் அதன் இலக்கம் 3000. மற்றது ஶ என்ற எழுத்தில் தொடங்கியது, அதன் இலக்கம் 2998. இரண்டுடனும் புள்ளியும் ரீயும் சேரும்போது பல எழுத்துருக்களில் ஒரே வடிவம் வந்துவிடுகிறது. ஶ 2005 இல்தான் யூனிகோடில் சேர்க்கப்பட்டது. யூனிகோட் அல்லாத பாமினி என்ற எழுத்துருவில் இருந்த பழைய பெயர்ப்பட்டியலை மாற்றிய கருவி ஒரு வடிவத்தை இட்டது, அலுவலகத்தில் பின்னர் தட்டியவர் மற்றதை இட்டார். வருகைப் பட்டியலில் பெயரைத் தேடிய நிரல், கிடைக்காதபோது என்ன செய்வது என்று எழுதப்படாததால் விழுந்தது. பெயரைத் தொலைபேசியில் சொல்லியிருந்தால் இது ஒருநாளும் பிடிபட்டிருக்காது. ஸ்ரீ என்றுதான் நானும் சொல்லியிருப்பேன், அவரும் தம் கணினியில் ஸ்ரீ என்றுதான் தட்டியிருப்பார், அங்கே ஒழுங்காகத் திறந்திருக்கும்.

இது நம் எழுத்துக்கு மட்டும் நேர்வதன்று. 2018 பெப்ரவரியில் தெலுங்குக் கூட்டெழுத்து ஒன்று செய்தியாக வந்தாலே ஐபோனில் செயலிகள் விழுந்தன. ஐஓஎஸ் 11.2.6 வந்துதான் அது தீர்ந்தது. இந்திய எழுத்துகள் ஒன்றோடொன்று சேரும் இடம் நிரல்களுக்கு எப்போதும் வழுக்கும் இடம்.

ஆகவே இந்த அறிகுறி கண்டால், விழச்செய்யும் தரவையே கோப்பாகக் கொடுங்கள். படம் எடுத்து அனுப்பினால் எழுத்தின் வடிவம்தான் போகும், இலக்கம் போகாது. பாமினியில் தட்டியதானால் எந்த எழுத்துரு என்று கட்டாயம் எழுதுங்கள். ஒட்டும் இடத்தில் அது ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். பெரிய கோப்பு ஒன்று நிரலை விழுத்தினால் அதன் பிரதி ஒன்றை எடுத்து, பாதியை நீக்கிப் பாருங்கள். இன்னும் விழுந்தால் அந்தப் பாதியில் பாதி. அறுநூறு வரிகளானாலும் பத்து முறைக்குள் குற்றமுள்ள வரியை அடைந்துவிடலாம். மூலக் கோப்பில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கணினியே நீலத் திரை காட்டுகிறது, அல்லது அணைந்து எழுகிறது

இரண்டும் ஒன்றல்ல. முதலில் அதைப் பிரித்தறிய வேண்டும். மலைநாட்டில் இது முக்கியம், ஏனென்றால் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடி இறங்கும்போது மின்சாரம் ஒரு கணம் தாழ்ந்து எழும். மின்விளக்கு சற்று மங்கியதைக்கூட யாரும் கவனித்திருக்கமாட்டார்கள், கணினி மட்டும் மறுதொடக்கமாகியிருக்கும். அதை நிரலின் குற்றம் என்று எழுதி அனுப்பினால் இரண்டு தரப்புக்கும் ஒரு வாரம் வீண்.

ஈவென்ட் வியூவரில் 'சிஸ்டம்' பதிவைத் திறந்து 41 என்ற இலக்கமுள்ள 'கெர்னல்-பவர்' நிகழ்வைத் தேடுங்கள். முறைப்படி அணைக்கப்படாமல் கணினி எழுந்தது என்று மட்டுமே அது சொல்கிறது. அதன் விவரப் பக்கத்தில் 'பக்செக்கோட்' என்ற வரியைப் பாருங்கள். பூச்சியமானால் மின்சாரம் போயிருக்கலாம், மின்வழங்கி பழுதாகியிருக்கலாம், அல்லது கணினி உறைந்து யாரோ பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கலாம். வேறு எண் இருந்தால் இயங்குதளமே விழுந்திருக்கிறது. அந்த எண் தசம எண்ணாக இருக்கும், நீலத் திரையில் காட்டப்படுவதோ பதினறும எண். இங்கே 159 என்றிருந்தால் அங்கே 9எஃப். இரண்டும் பொருந்தவில்லையே என்று குழம்ப வேண்டாம். புதிய விண்டோஸ் 11 இல் இந்தத் திரை கறுப்பாக வரும், பொருள் ஒன்றே.

விண்டோஸ் கோப்புறைக்குள் 'மினிடம்ப்' என்ற கோப்புறையில் ஒவ்வொரு விழுகைக்கும் ஒரு சிறு கோப்பு, பெயரிலேயே திகதியுடன் இருக்கும். அதை வேறிடத்துக்குக் கொப்பி செய்து அனுப்புங்கள். எதுவும் இல்லையென்றால், இடம் மிச்சப்படுத்துவதற்காக ரேமுக்குத் துணையாக வட்டில் இருக்கும் பேஜிங் கோப்பை யாரோ நிறுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் டம்ப் எழுத இடமிருக்காது. 'ஓட்டோமெட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற கட்டத்தின் குறியையும் எடுத்துவிட்டால் நீலத் திரை நின்று காட்டும், படமெடுக்கலாம்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு நிரல், வேறு வேறு குறியீடு என்று விழுந்தால் நான் எந்த நிரலாளரையும் அழைக்கமாட்டேன். முதலில் ரேமைக் கழற்றித் துடைப்பேன். தென்மேற்குப் பருவ மழை மாதங்களில் வட்டவளை, மஸ்கெலியாப் பக்கம் அலுவலகச் சுவரே வியர்க்கும். தொடுமுனைகளில் மங்கல் படிந்திருப்பதை வெறுங்கண்ணால் பார்த்திருக்கிறேன். பிறகு விண்டோஸின் நினைவகச் சோதனையை இரவில் ஓடவிட்டுக் காலையில் பார்ப்பேன்.

கைபேசிச் செயலி நின்றுவிடுகிறது

கொழுந்து நிறுவையைக் கைபேசியில் பதியும் இடங்களில் இதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. செயலி நின்றதும் 'கிளியர் டேட்டா' அழுத்துங்கள் என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அழுத்தாதீர்கள். மலையில் சிக்னல் இல்லாததால் இன்னும் மேலே அனுப்பப்படாத நிறுவைகள் அந்தக் கைபேசிக்குள்தான் இருக்கின்றன. அதை அழுத்தினால் அன்றைய கிலோக்கள் அத்தனையும் போகும்.

ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் சென்று 'பில்ட் நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்டினால் நிரலாளருக்கான பட்டியல் திறக்கும். அதில் 'பக் ரிப்போர்ட்' எடுக்கும் வழி இருக்கிறது. சில நிமிடங்களில் ஒரு ஜிப் கோப்பு தயாராகும். செயலி நின்றவுடனேயே எடுங்கள். கைபேசியின் பதிவேடு சுழன்றுகொண்டே இருக்கும், புதியது வரப் பழையது அழியும். மாலையில் வீட்டுக்குப் போய் எடுத்தால் காலையில் நடந்தது அதில் இருக்காது.

சம்பந்தமில்லாத பல செயலிகள் ஒரே நாளில் விழத் தொடங்கினால் பொதுவான கூறு ஒன்றைச் சந்தேகியுங்கள். 2021 மார்ச்சில் செயலிகளுக்குள் இணையப் பக்கம் காட்டும் ஆண்ட்ராய்டின் 'வெப்வியூ' கூறு பழுதாகி உலகெங்கும் செயலிகள் நின்றன. அப்போது எந்தத் தனிச் செயலியும் குற்றவாளி இல்லை.

லினக்ஸில் ஓடும் கணினிகள்

சில பாடசாலைக் கணினி அறைகளில் இருக்கின்றன. நிரலைக் கட்டளை தட்டும் முனையத்திலிருந்து (டெர்மினல்) ஓட்டி, வெளியேறும் இலக்கத்தைப் பாருங்கள். 139 என்றால் நினைவக அத்துமீறல். 137 என்றால் வெளியிலிருந்து கொல்லப்பட்டது, பெரும்பாலும் ரேம் தீர்ந்துபோய் இயங்குதளத்தின் மையமான கெர்னலே செய்தது. 2 ஜிகாபைட் ரேமுடன் உலாவியில் பத்துத் தாவல்கள் திறந்தால் இது நடக்கும், நிரலாளர் செய்ய ஒன்றுமில்லை. 139 ஆனால் லினக்ஸில் எழுதப்படும் டம்பான கோர் டம்பிலிருந்து அழைப்புச் சங்கிலியை எடுத்து அனுப்புங்கள். சங்கிலி முழுவதும் கேள்விக்குறிகளாக வந்தால் குறியீட்டுப் பொதி நிறுவப்படவில்லை. அதை நிறுவி மறுபடி எடுங்கள்.

நேரம் பொருந்தவில்லை

இதைத் தனி அறிகுறியாக எழுதக் காரணம் இருக்கிறது. நீங்கள் காலை 10.42 என்று எழுதுகிறீர்கள், நிரலின் பதிவேட்டில் 5.12 இருக்கிறது. இரண்டும் சரி. பல பதிவேடுகள் உலகப் பொது நேரத்தில் எழுதும், இலங்கை அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே. இலங்கை 1996 இல் கடிகாரத்தை முன்னகர்த்தி, 2006 ஏப்ரல் 15 இல்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. அந்த ஆண்டுகளில் எழுதிய பழைய நிரலொன்றில் 6 மணித்தியாலம் என்று பதித்திருந்தால் அரை மணித்தியாலம் பிசகும். அறிக்கையில் 'இலங்கை நேரம்' என்ற இரு சொற்களைச் சேர்த்தால் இந்தக் குழப்பம் தீரும்.

பதிவுகள் பல ஆண்டு பின்னால் போயிருந்தால், தாய்ப்பலகையில் நாணயம் போல இருக்கும் சிஆர் 2032 மின்கலம் தீர்ந்திருக்கிறது. அதை மாற்றிய பிறகே எந்தப் பதிவின் நேரத்தையும் நம்புங்கள்.

அனுப்பும் முன்

முழு டம்புக்குள் நிரல் அப்போது கையாண்ட எல்லாமே இருக்கும். தொழிலாளர் பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, சேமலாப நிதி இலக்கம், சில வேளை கடவுச்சொல். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்த விவரங்கள் நம்மை நம்பிக் கொடுக்கப்பட்டவை. வாட்ஸ்அப் குழுவில் டம்பைப் போடாதீர்கள். கடவுச்சொல் இட்ட ஜிப்பாக ஒருவருக்கு மட்டும் அனுப்பி, கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு அறிக்கைக்கும் இது பொருந்தும். முதலில் சிறிய டம்பை அனுப்புங்கள், கேட்டால் மட்டும் முழுதை. முழு டம்ப் நூற்றுக்கணக்கான மெகாபைட் இருக்கும். செவன்-ஜிப்பில் சுருக்கி, 20 மெகாபைட் துண்டுகளாகப் பிரித்தால், சிக்னல் அறுந்தாலும் விட்ட துண்டிலிருந்து தொடரலாம். ரீலோட் செய்த டேட்டா வீணாகாது.

கூடவே போகும் குறிப்பு நீளமாக இருக்க வேண்டியதில்லை. நான் அனுப்பிய ஒன்று இப்படி இருந்தது:

"3 ஆம் திகதி, காலை 10.42, இலங்கை நேரம். நிரலின் பதிப்பு 4.2.17, விண்டோஸ் 10, ரேம் 4 ஜிகாபைட். வருகைப் பட்டியலில் 418 ஆவது பதிவை இருமுறை சொடுக்கியதும் நிரல் மறைந்தது. நான்கு முறை முயன்றோம், நான்கு முறையும் விழுந்தது. 417, 419 திறக்கின்றன. மின்சாரம் போகவில்லை. இரண்டு நாள் முன்பு பெயர்ப்பட்டியல் பாமினியிலிருந்து மாற்றப்பட்டது. நிகழ்வு 1000, 1026 இரண்டின் உரையும், சிறிய டம்பும், பெயர் உள்ள உரைக் கோப்பும் இணைப்பில்."

'நான்கு முறை முயன்றோம், நான்கு முறையும்' என்பதுபோல எண்ணிச் சொல்லுங்கள். 'அடிக்கடி' என்ற சொல்லை வைத்து யாரும் எதையும் தேட முடியாது. அண்மையில் மாறியது எதுவானாலும் எழுதுங்கள். புதிய அச்சுப்பொறி, வைரஸ் தடுப்பு நிரல், விண்டோஸ் புதுப்பிப்பு, எதுவானாலும். சம்பந்தமில்லை என்று நீங்களே தள்ளிவிடாதீர்கள். பாமினி மாற்றத்தைப் பற்றிய வரியை நான் ஏறக்குறைய விட்டுவிடப் பார்த்தேன்.

பதில் வரும்வரை அதே பதிப்பை வைத்திருங்கள். டம்பையும் தரவின் பிரதியையும் ஒரு பென் டிரைவில் தனியாக வையுங்கள். திருத்திய பதிப்பு வந்ததும் முதலில் திறக்க வேண்டியது விழுத்திய அதே பதிவைத்தான். அது திறந்து, சேமித்து, மூடித் திறந்தபின்னும் அந்தத் தொழிலாளியின் பேர்கள் எண்ணிக்கை தாளில் உள்ளதுடன் பொருந்தினால், அப்போது பென் டிரைவில் இருப்பதை அழிக்கலாம்.